கடன் கொடுத்தோம், தையல் மிஷின் கொடுத்தோம். பாதிப் பேர் ஏன் நின்றுபோனார்கள்?

#1 விதைநெல்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஏழு பேர். முன்பு ஒன்றாக வேலை பார்த்தவர்கள், இப்போது பாதிப் பேர் ஓய்வு பெற்றுவிட்டோம். மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வருமானம் குறைவாக உள்ள பெண்கள் சின்னதாக ஒரு தொழில் தொடங்க உதவி வருகிறோம். பதிவு செய்த அமைப்பெல்லாம் இல்லை. வட்டி கிடையாது. முடிந்தபோது திருப்பித் தந்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தோம். அப்புறம், ஒரு ஒழுங்கு வேண்டும் என்று குழுவில் ஒருவர் சொன்னதால் வாரத் தவணை வைத்தோம்.

இரண்டரை வருடத்தில் 11 பேருக்கு உதவினோம். நான்கு பேர் நன்றாக வந்துவிட்டார்கள். மூன்று பேர் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார்கள், வளரவும் இல்லை, மூடவும் இல்லை. மீதி நான்கு பேர் மூடிவிட்டார்கள். எனக்குப் புரியாதது ஒன்றுதான்: மூடியவர்களில் இரண்டு பேர் கடனை ஒரு தவணைகூட விடாமல் கட்டியவர்கள். எங்கள் பணம் முழுசாகத் திரும்பி வந்தது, அவர்கள் தொழில் போய்விட்டது.

போன வாரம் அதில் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். நாங்கள் வாங்கிக் கொடுத்த தையல் மிஷினை உள்ளே மடக்கி, மேலே ஒரு பழைய துணி விரித்து, அதன்மேல் டிவி இருந்தது. டிவியின் முகம் சுவரைப் பார்க்க, முதுகு என்னைப் பார்க்க. என்னைப் பார்த்ததும் அவர் பதறிப்போய் டிவியைத் தூக்கப் போனார். வேண்டாம்மா, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் மனசு சரியில்லை.

இப்போது குழுவில் மூன்று கட்சி. பயிற்சி கொடுக்காததுதான் தப்பு என்கிறார் ஒருவர். தொகை போதவில்லை என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர், இனி பணமே வேண்டாம், எல்லாவற்றையும் பொருளாகக் கொடுப்போம் என்கிறார். இதில் இறங்கி வேலை செய்தவர்கள், உதவி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

#2 ஊசிமுனை

உதவி வாங்கியவள் நான். அதனால் பேசுகிறேன்.

டிவி வைத்த மிஷின் என் வீட்டிலும் எட்டு மாதம் இருந்தது. டிவிக்குப் பதில் துணி மூட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு அமைப்பு கொடுத்தது, பெயர் வேண்டாம். ஒரே நாளில் இருபது பேருக்கு மேடை போட்டுக் கொடுத்தார்கள். இருபது பேரும் ஒரே பகுதி. மறுநாள் காலையில் நினைத்துப் பார்த்தேன், நாங்கள் இருபது பேரும் தைக்க ஆரம்பித்தால் தைக்கக் கொடுப்பது யார்? ஏற்கெனவே இரண்டு தையல்காரர்கள் இருந்த இடம் அது. மூன்றே மாதத்தில் ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி கூலியைக் குறைத்து, கடைசியில் நூல் காசுகூட மிஞ்சாத நிலைமைக்கு வந்தோம்.

அதோடு, மிஷின் வந்துவிட்டால் தொழில் வந்துவிட்டது என்று கொடுப்பவர்கள் நினைக்கிறார்கள். வெட்டுவதற்கு மேஜை வேண்டும். ராத்திரி தைக்க நல்ல வெளிச்சம் வேண்டும். ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் வேண்டும், அது தனி மிஷின். இதில் ஒன்று இல்லையென்றாலும் தைத்த துணி 'வீட்டில் தைத்தது' மாதிரி இருக்கும், வந்தவர் மறுபடி வரமாட்டார்.

நான் எப்படிப் பிழைத்தேன் என்றால், புதுத்துணி தைப்பதையே விட்டுவிட்டேன். ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, பேன்ட் காலை மடித்து அடிப்பது. இந்த வேலையை நல்ல டெய்லர் யாரும் விரும்பி எடுக்கமாட்டார், கேட்டால் அடுத்த வாரம் வா என்பார். நான் 'நின்று வாங்கிப் போகலாம்' என்று எழுதி வைத்தேன். அப்புறம் இரண்டு துணிக்கடைக்காரர்களிடம் போய், அங்கே வாங்குகிறவர்களுக்கு நான் மடித்துத் தருகிறேன் என்று பேசினேன். இன்றைக்கு என்னிடம் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

விதைநெல் அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த அம்மாவுக்குத் தையல் மிஷின் என்று முடிவு செய்தது யார்?

#3 கணக்கன்

ஊசிமுனை கேட்டதுதான் சரியான கேள்வி. நான் இந்தத் துறையில் வந்த ஆய்வுகளை வருடக்கணக்காகப் படித்துவருகிறவன், களத்தில் இறங்கியவன் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

சிறுகடன் என்ற யோசனைக்கு ஒரு காலத்தில் பெரிய பேர் இருந்தது. 1976இல் வங்கதேசத்தில் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் தன் கையிலிருந்து 42 பேருக்கு மொத்தம் 27 டாலர் கொடுத்ததில் தொடங்கிய கதை அது. 1983இல் கிராமீன் வங்கி ஆனது, 2006இல் நோபல் அமைதிப் பரிசு வாங்கியது. கடன் கிடைத்தால் ஏழைப் பெண் தானாக மேலே வந்துவிடுவாள் என்ற நம்பிக்கை உலகமெல்லாம் பரவியது.

அந்த நம்பிக்கையை நிதானமாகச் சோதித்துப் பார்த்த ஆறு ஆய்வுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ. கடன் வாய்ப்பு கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிடைத்த பதில் ஏறக்குறைய ஒரே மாதிரி: கொஞ்சம் நல்லது நடக்கிறது, வாழ்க்கையைப் புரட்டிப் போடும் மாற்றம் நடக்கவில்லை. ஆக, உங்கள் 11இல் 4 என்பது தோல்வி என்று நினைத்து மனம் உடையவேண்டாம்.

இன்னொரு ஆய்வு உங்களுக்கு ரொம்பப் பொருந்தும். இலங்கையில் சிறுதொழில் செய்பவர்களுக்குக் கடனாக இல்லாமல் இனாமாகவே பணம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் தொழிலில் லாபம் நன்றாகக் கூடியது. பெண்களின் தொழிலில் சராசரியாகக் கூடவேயில்லை. உடனே 'பெண்களுக்குத் தொழில் வராது' என்று சிலர் கிளம்பினார்கள். அப்புறம் இலங்கை, இந்தியா, கானா மூன்று நாட்டுத் தரவையும் இன்னொரு குழு எடுத்து, கேள்வியை மாற்றிக் கேட்டது: அந்த வீட்டில் வேறு யாராவது தொழில் செய்கிறார்களா? அங்கேதான் முடிச்சு அவிழ்ந்தது. வீட்டில் அந்தப் பெண்ணின் தொழில் ஒன்றுதான் என்றால், அவள் லாபமும் ஆண்களைப் போலவே கூடியிருக்கிறது. கணவருக்கும் ஒரு தொழில் இருந்தால், பெண் கையில் கொடுத்த பணம் கணவர் தொழிலுக்குப் போயிருக்கிறது.

#4 தெருமுனை

கணக்கன் சார் ஆய்வு என்கிறார், நான் இதைக் கண்ணால் பார்த்தவன். ஆறு வருடம் ஒரு கடன் நிறுவனத்துக்கு வசூல் பார்த்தேன். பெருமையாகச் சொல்லவில்லை.

முறை இதுதான். திங்கள்கிழமை கடன் கொடுப்போம். அடுத்த திங்கள், இல்லையென்றால் அதற்கடுத்த திங்கள், முதல் தவணை. பாயில் உட்கார்ந்து, நோட்டை மடியில் வைத்து, பத்துப் பதினைந்து பெண்களிடமும் வாங்கி எழுதவேண்டும். ஒருத்தர் கட்டவில்லையென்றால் அவர் பங்கை மற்றவர்கள் கட்டும்வரை யாரும் எழுந்திருக்க முடியாது. நாங்கள் சத்தமே போடமாட்டோம், அவர்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வை இருக்கிறதே.

யோசித்துப் பாருங்கள், எந்தத் தொழில் ஏழாம் நாள் காசு கொடுக்கும்? வாங்கி அன்றைக்கே விற்கிற வியாபாரம்தான் கொடுக்கும். அதனால் எல்லாரும் அதையே செய்தார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் என்ன செய்வார்கள் தெரியுமா, வாங்கிய கடனிலேயே முதல் ஐந்தாறு தவணைக்கான பணத்தைத் தனியாக மடித்து வைத்துவிடுவார்கள். நான் கொடுத்த அதே நோட்டு எனக்கே திரும்பி வந்திருக்கிறது, மடிப்புகூடக் கலையாமல். வசூல் நூற்றுக்கு நூறு என்று எனக்குப் பரிசு வேறு கொடுத்தார்கள்.

ஒழுங்காகக் கட்டியவரின் தொழில் போனது புரியவில்லை என்கிறீர்கள். ஒழுங்காகக் கட்டியதால்தான் போயிருக்கும்.

#5 விதைநெல்

இரவு 11 மணிக்கு தெருமுனையின் பதிவைப் படித்தேன். காலையில் அந்த இரண்டு பேரில் ஒருவருக்கு போன் செய்து மெதுவாகக் கேட்டேன். சிரித்துக்கொண்டே, "ஆமாங்கய்யா, முதல் நாலு வாரத்துக்கு அதிலேயே எடுத்து வெச்சிட்டேன், நீங்க கேட்டா இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல" என்றார். ஐந்தாவது வாரத்திலிருந்து சரக்கு வாங்கும் பணத்தில் கட்டியிருக்கிறார். ஏழு மாதத்தில் கடன் முடிந்தது, முதலும் முடிந்தது.

வட்டி வாங்காத நல்லவர்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஊசிமுனை, உங்கள் கேள்விக்குப் பதில்: நாங்கள்தான் முடிவு செய்தோம். அவர் முன்பு ஆறு மாதம் தையல் வகுப்புக்குப் போனதாக யாரோ சொன்னார்கள், அதை வைத்து.

#6 கணக்கன்

தெருமுனை சொன்னதை அப்படியே கொல்கத்தாவில் சோதித்திருக்கிறார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல இரண்டு வாரத்தில் முதல் தவணை, இன்னொரு பகுதியினருக்கு இரண்டு மாதம் கழித்து. வித்தியாசம் அவ்வளவுதான், வட்டியும் தொகையும் ஒன்றே. மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், இரண்டு மாத அவகாசம் கிடைத்தவர்களின் லாபம் தெளிவாகக் கூடியிருந்தது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: அவர்களில் கடனைக் கட்டாமல் விட்டவர்களும் கூடியிருந்தார்கள். துணிந்து முதல் போட்டால் சிலருக்குப் பலிக்கும், சிலருக்குக் கவிழும். கடன் நிறுவனம் வசூலை மட்டும் பார்த்தால் அவகாசம் கொடுக்காது. உங்களைப் போன்ற ஏழு பேரால் கொடுக்க முடியும், ஒன்றிரண்டு வராமல் போனால் தாங்கிக்கொள்ள முடியும் என்றால்.

#7 பகல்கனவு

எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் நான் எதிர்ப்பக்கம்.

எதற்கு எல்லாரையும் முதலாளி ஆக்கவேண்டும்? வசதியான வீட்டில் எத்தனை பேர் சொந்தத் தொழில் செய்கிறார்கள்? பெரும்பாலும் சம்பளத்துக்குத்தான் போகிறோம், மாதம் பிறந்தால் காசு வருகிறது, நஷ்டம் முதலாளிக்கு. ஏழைப் பெண்ணுக்கு மட்டும் 'நீ தொழில்முனைவோர் ஆகு' என்று ஏன் உபதேசம்? நஷ்டத்தைத் தாங்கவே முடியாதவளிடம் நஷ்டத்தைத் தூக்கிக் கொடுக்கிற வேலை இது. உங்கள் பணத்தில் ஊசிமுனை மாதிரி ஒருவருக்கு இன்னும் மூன்று மிஷின் வாங்கிக் கொடுங்கள். அவர் மூன்று பேருக்குச் சம்பளம் கொடுக்கட்டும். கதை முடிந்தது.

#8 ஊசிமுனை

மூன்று மிஷின் யார் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன் :)

பகல்கனவு சொல்வதில் பாதி எனக்கு ஒப்புதல்தான். என்னிடம் வேலை செய்கிற ஒரு பெண்ணிடம், தனியாகப் போடு, நானே உதவுகிறேன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். வேண்டவே வேண்டாம் என்கிறாள். வெள்ளிக்கிழமை கூலி வந்துவிடுகிறது, தூக்கம் வருகிறது, போதும் அக்கா என்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

ஆனால் மீதிப் பாதியும் உண்டு. சம்பள வேலை என்றால் காலை ஒன்பது முதல் மாலை ஆறு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் விடுவார்கள்? என் மாமியார் படுத்த படுக்கையாக இருந்த நான்கு வருடமும் நான் தொழில் செய்தேன், எந்த முதலாளியும் என்னை வைத்துக்கொண்டிருக்கமாட்டார். நிறையப் பெண்கள் ஆசைப்பட்டுத் தொழிலுக்கு வருவதில்லை. வேறு எந்த வேலையும் வீட்டு வேலையோடு சேர்ந்து ஓடாது என்பதால் வருகிறார்கள். கேட்கும்போதே இந்த இரண்டில் இவர் யார் என்று தெரிந்துகொண்டால், வளரச் சொல்லி யாரையும் நச்சரிக்கவேண்டாம். 'தொடங்கிய இடத்திலேயே நிற்கிறார்கள்' என்று சொன்ன அந்த மூன்று பேர் ஒருவேளை நிம்மதியாக இருக்கலாம். கேட்டீர்களா?

#9 மட்டுறுத்துநர்

இந்த இழையில் 'ஐந்து நிமிடத்தில் கடன்' என்று செயலி இணைப்பு போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. தொடருங்கள்.

#10 நீலவானம்

வணக்கம், நான் புதிது. படித்துக்கொண்டே வந்தேன், எனக்கும் ஒரு கேள்வி. நான் வீட்டில் சோப்பு செய்து விற்கிறேன், ஒன்றரை வருடமாக. நன்றாகப் போகிறது, செய்தது மிஞ்சுவதில்லை. ஆனால் கையில் காசு நிற்பதே இல்லை. எண்ணெய் வாங்கப் போகும்போது பார்த்தால் பணம் இல்லை, கைமாற்று வாங்கித்தான் வாங்குகிறேன். கணக்குப் பயிற்சி ஒன்றுக்குப் போனேன். மூன்று நாள் நடந்தது. வரவு, செலவு, தேய்மானம், ஐந்தொகை என்று போர்டில் போட்டார்கள். வீட்டுக்கு வந்து நோட்டை மூடி வைத்ததுதான். எங்கே தப்பு என்று தெரியவில்லை.

#11 ஊசிமுனை

வாம்மா. தேய்மானத்தை விடு. மூன்று கேள்வி கேட்கிறேன். சோப்பு விற்ற காசை எதில் வைக்கிறாய்? அதே இடத்தில்தான் வீட்டுச் செலவுக் காசும் இருக்கிறதா? விலை போடும்போது உன் கூலியைச் சேர்த்தாயா?

#12 நீலவானம்

ஒரே பர்ஸ்தான் அக்கா. வீட்டுச் செலவும் அதில்தான். கூலி என்றால்... வீட்டில் செய்வதுதானே, அதற்கு எப்படிப் போடுவது?

#13 ஊசிமுனை

அப்போ தெரிந்துவிட்டது. உன் தொழில் உன் வீட்டுக்குச் சோறு போடுகிறது, அது உனக்கே தெரியவில்லை.

இரண்டு டப்பா எடுத்துக்கொள். ஒன்று சோப்பு டப்பா, ஒன்று வீட்டு டப்பா. விற்ற காசு முழுக்க சோப்பு டப்பாவுக்குத்தான் போகவேண்டும். வாரம் ஒருநாள், ஒரே ஒருநாள், அதிலிருந்து உன் கூலி என்று ஒரு தொகையை எடுத்து வீட்டு டப்பாவில் போடு. நடுவில் பிள்ளை பென்சில் கேட்டாலும் சோப்பு டப்பாவைத் தொடாதே. எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே போட்டுவிட்டு எடு. நாலு வாரம் கழித்துச் சீட்டைக் கொட்டி எண்ணிப் பார், எண்ணெய்க் காசு எங்கே போனது என்று அதுவே சொல்லும்.

விலை விஷயம்: அரைநாள் வேறு வீட்டில் வேலைக்குப் போனால் உனக்கு என்ன கொடுப்பார்கள்? ஒரு தடவை சோப்பு ஊற்றுவதற்கு அரைநாள் ஆகிறது என்றால் அந்தக் காசு அந்தச் சோப்புகளின் விலையில் இருக்கவேண்டும். செய்தது மிஞ்சாமல் விற்றுப்போகிறது என்றாயே, விலை குறைவு என்பதற்கு அதுதான் அடையாளம்.

#14 கணக்கன்

ஊசிமுனையின் இரண்டு டப்பாவை டொமினிகன் குடியரசில் ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். சிறுதொழில் செய்பவர்களில் ஒரு குழுவுக்கு முறையான கணக்குப் பதிவியல், இன்னொரு குழுவுக்கு வெறும் கைவிதி: தொழில் காசும் வீட்டுக் காசும் வேறு வேறு டிராயரில் இருக்கட்டும், உனக்கு ஒரு சம்பளம் வைத்துக்கொள், இந்த மாதிரி. முறையான பாடம் படித்தவர்களிடம் பெரிதாக மாற்றமில்லை. கைவிதி கற்றவர்களிடம் கணக்கு வைக்கும் பழக்கம் கூடியது.

பயிற்சி பற்றி விதைநெல் கேட்டதற்கு: டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் செய்பவர்களை வைத்து ஒரு ஆய்வு, 2017இல் வெளிவந்தது. கணக்கு, சந்தைப்படுத்தல் என்று வழக்கமான பயிற்சி பெற்றவர்களின் லாபத்தில் உறுதியாகச் சொல்லும்படி மாற்றம் வரவில்லை. இன்னொரு குழுவுக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு: பக்கத்துக் கடையைப் பார்த்துச் செய்யாமல் தனியாக ஒன்று யோசிப்பது, தடை வரும் என்று முன்னமே நினைத்து வைப்பது, வந்தால் விட்டுவிட்டுப் போகாமல் இன்னொரு வழி பார்ப்பது. அவர்களின் லாபம் சுமார் 30 விழுக்காடு கூடியது. ஊசிமுனை ஜிப் மாற்ற ஆரம்பித்தாரே, அதுதான் அந்தப் பாடம். யாரும் அவருக்கு வகுப்பு எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

#15 சுமைதாங்கி

கடைசியாக வந்தாலும் ஒன்று சொல்லவேண்டும். இங்கே பேசுவதெல்லாம் கொஞ்சமாவது கையும் காலும் ஊன்றி நிற்கிற பெண்களைப் பற்றி. அதற்கும் கீழே இருக்கிறவர்களுக்குக் கடனே கொடுக்கக்கூடாது. நான் அப்படி ஒரு திட்டத்தில் களப்பணி செய்தேன், அதனால் தெரியும். அடுத்த வேளைக்கு இல்லாத வீட்டில் ஒரு ஆட்டைக் கொண்டுபோய்க் கட்டினால், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத முதல் இரவிலேயே ஆடு விற்றுப்போகும்.

வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002இல் இதற்கு ஒரு முறை கொண்டுவந்தது. ஒரு சொத்து இனாமாக, அது பலன் தரும்வரை சாப்பாட்டுக்குச் சிறு தொகை, சேமிக்க வழி, நோய்க்கு உதவி, அப்புறம் வாராவாரம் ஒரு ஆள் வீட்டுக்கே வந்து பார்ப்பது. இரண்டு வருடம். ஆறு நாடுகளில் இதைச் சோதித்து 2015இல் வெளியிட்டார்கள், மொத்தத்தில் நல்ல பலன், திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் நின்றது. சறுக்கியது ஹோண்டுராஸ். அங்கே பெரும்பாலோர் கோழி எடுத்தார்கள், நோய் வந்து கோழிகள் செத்துப்போயின. எல்லாருக்கும் ஒரே பொருள் கொடுத்தால் எல்லாரும் ஒரே நாளில் விழுவார்கள். இருபது தையல் மிஷின் கதைதான்.

எங்கள் அனுபவத்தில் அந்த வாராந்திர வருகைதான் உயிர். போய் உட்கார்ந்து பெரிதாக ஒன்றும் செய்யமாட்டோம். என்ன ஆச்சு, எவ்வளவு விற்றாய், மழையில் கூரை ஒழுகியதா என்று கேட்போம். ஒரு அம்மா என்னிடம் சொன்னார், "நீ வர்றேன்னுதான் அந்தக் காசை எடுக்காம வெச்சிருந்தேன்". வீட்டில் கேட்டால் 'மேடம் வந்து கேப்பாங்க' என்று சொல்ல அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது.

#16 தெருமுனை

அது நூற்றுக்கு நூறு உண்மை. பணம் கையில் இருந்தால் கேட்பதற்கு ஆள் இருக்கும். கணவரைக் கெட்டவர் என்று சொல்லவில்லை. நாத்தனாருக்குப் பிரசவம், தம்பிக்குப் பரீட்சைக் கட்டணம், எல்லாமே நியாயமான செலவுதான். நியாயமாக இருப்பதால்தான் இல்லையென்று சொல்ல முடிவதில்லை.

#17 கணக்கன்

உகாண்டாவில் கடன் தொகையைக் கையில் கொடுக்காமல், தொழிலுக்கென்று தனியாக, செல்போன் வழியாகப் பணம் போட்டு எடுக்கும் ஒரு கணக்கில் போட்டார்கள். வேறு எதுவும் மாற்றவில்லை. எட்டு மாதத்தில் அந்தப் பெண்களின் லாபம் சுமார் 15 விழுக்காடு கூடுதலாக இருந்தது. வீட்டில் கேட்கிற நெருக்கடி அதிகம் இருந்தவர்களுக்குத்தான் பலனும் அதிகம்.

கென்யாவில் சந்தையில் விற்கிற பெண்களுக்குச் சேமிப்புக் கணக்கு தொடங்கிக் கொடுத்தார்கள். வட்டி கிடையாது, எடுத்தால் கட்டணம் வேறு. அதாவது போட்டதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். அப்படியும் போட்டார்கள், தொழிலில் முதலீடும் கூடியது. நஷ்டப்பட்டாவது பணத்தைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வைக்க வழி தேடிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே அர்த்தம்.

இது புதிதும் இல்லை. குஜராத்தில் எலா பட் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பின் வங்கி 1974இல் வந்தது, 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டு. 1991இல் நைஜரில் தொடங்கிய கிராமச் சேமிப்புக் குழு முறையில் ஒரு இரும்புப் பெட்டி, அதற்கு மூன்று பூட்டு, மூன்று சாவியும் மூன்று பெண்களிடம். மூவரும் வந்தால்தான் திறக்கும்.

#18 பகல்கனவு

ஒரு விஷயத்தில் இறங்கி வருகிறேன், என் வாதத்துக்கு எதிராக நானே ஒன்று தேடிப் படித்துவிட்டேன். உகாண்டாவின் கம்பாலாவில் ஆண்கள் தொழில் என்று சொல்லப்படுகிற வெல்டிங், மின்வேலை, மரவேலை மாதிரி வேலைகளுக்குள் நுழைந்த பெண்களைப் பற்றி. அந்தத் தொழிலில் இருக்கிற ஆண்கள் அளவுக்கே சம்பாதிக்கிறார்கள், தையல், சிகை அலங்காரம் மாதிரி தொழிலில் இருக்கிற பெண்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. நுழைந்தவர்களில் பலருக்கு அப்பாவோ, அண்ணனோ, தெரிந்த ஆண் ஒருவரோ முதலில் உள்ளே கூட்டிப்போயிருக்கிறார். வெளியில் இருக்கிற பெண்களுக்கு அந்தத் தொழிலில் இவ்வளவு வருமானம் என்பதே தெரியவில்லை.

நாமும் பெண் என்றதும் தையல் மிஷினைத்தானே தூக்கிக்கொண்டு போகிறோம்?

#19 தெருமுனை

விதைநெல் ஐயா, ஒரு சந்தேகம், நாலு நாளாக மனசில் உறுத்துகிறது. முதல் பதிவில் டிவி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது என்று எழுதியிருந்தீர்கள். நான் ஆயிரம் வீட்டுக்குள் போயிருக்கிறேன். டிவியை யாரும் முதுகைக் காட்டி வைக்கமாட்டார்கள். நன்றாகப் பார்த்தீர்களா?

#20 விதைநெல்

தெருமுனை, உங்களுக்கு ஒரு கும்பிடு.

நேற்று போய்வந்தேன். இந்தத் தடவை கேட்பதற்கென்றே போனேன், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்கு இல்லை. இப்போது அந்த மிஷின் மேல் டிவி இல்லை, ஒரு மேஜை ஃபேன் இருந்தது. றெக்கை கழற்றி, உள்ளே இருக்கிற செப்புக் கம்பி தெரிய.

அந்த டிவி அவருடையதே இல்லை. மூன்றாவது வீட்டுக்காரருடையது. இந்த அம்மாவின் அண்ணன் ரேடியோ, டிவி பழுது பார்ப்பவராக இருந்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன் ஐந்து வருடம் கடையில் கூட உட்கார்ந்து சால்டரிங் வைத்தவர் இவர். இப்போது சுற்றுவட்டாரத்தில் அயர்ன் பாக்ஸ், ஃபேன், சார்ஜர் எது கெட்டாலும் இவரிடம்தான் வருகிறது. காசு வாங்குவதில்லை. "பக்கத்து வீடு, எப்படிங்க வாங்குறது? பொம்பள ரிப்பேர் பண்ணுனா காசு கொடுப்பாங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அன்றைக்கு ஏன் பதறினார் என்றால், தையலுக்குக் கொடுத்த மிஷினை ரிப்பேர் மேஜையாக்கிவிட்டேனே, திட்டுவார்களோ என்று. தையல் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காதாம். நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, கொடுக்கிறவர்களிடம் எப்படி வேண்டாம் என்பது என்றார்.

குழுவில் பேசினோம். வாரத் தவணையை எல்லாருக்கும் எடுத்துவிட்டோம். இனி முதல் மூன்று மாதம் எதுவும் கட்டவேண்டாம், அதன் பிறகு மாதம் ஒருமுறை. பணம் அவர் பெயரில் உள்ள தனிக் கணக்குக்குப் போகும். எங்களில் நான்கு பேர் ஆளுக்கு இரண்டு மூன்று வீடு என்று பிரித்துக்கொண்டு வாரம் ஒருநாள் போய்வருவது, வசூலுக்கு இல்லை. பயிற்சி இப்போதைக்கு வேண்டாம். ஒருவர் மட்டும் மனத்தாங்கலில் இருக்கிறார், ஒழுங்கு போய்விடும் என்கிறார். இருக்கட்டும்.

இந்த அம்மாவுக்கு என்ன வாங்கவேண்டும் என்று அவரிடமே பட்டியல் கேட்டேன். பெரிதாகக் கேட்பார் என்று நினைத்தேன். ஒரு மல்டிமீட்டர், நல்ல சால்டரிங் அயர்ன், ஒரு ஸ்க்ரூடிரைவர் செட். அந்தத் தையல் மிஷினைத் திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களா, மேஜையை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்றார்.

#21 ஊசிமுனை

மிஷினை நான் எடுத்துக்கொள்கிறேன், நியாயமான விலை சொல்லுங்கள், அந்தக் காசு அவர் கணக்குக்குப் போகட்டும்.

மீட்டர் வாங்குவதற்கு முன் ஒன்று. காசு வாங்கப் பழக்குங்கள், அதுதான் கஷ்டம். வாயால் கேட்க வராது, எனக்கும் வரவில்லை. ஒரு அட்டையில் ஃபேன் இவ்வளவு, அயர்ன் பாக்ஸ் இவ்வளவு என்று எழுதி மாட்டச் சொல்லுங்கள். அட்டை கேட்கும், அவர் கேட்கவேண்டாம். முதல் காசு வாங்கினாரா என்று மட்டும் இங்கே வந்து எழுதுங்கள்.

#22 நீலவானம்

இரண்டாவது வாரம் அக்கா. டப்பாவில் ஒன்பது சீட்டு இருக்கிறது. ஐந்து என் வீட்டுக்காரர் எழுதியது!! வீட்டில் எல்லாரும் எழுதிவிட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். சோப்பு விலையும் ஏற்றினேன், இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.

#23 விதைநெல்

வாங்கினார். அட்டை மாட்டி ஆறாம் நாள். அந்த மூன்றாவது வீட்டுக்காரர்தான், மிக்ஸி கொண்டுவந்து வைத்துவிட்டு அட்டையைப் பார்த்தாராம், ஒன்றும் சொல்லாமல் எண்ணிக் கொடுத்தாராம். டிவிக்கும் சேர்த்துக் கொடுக்கவா என்று கேட்டிருக்கிறார். அது பழசு, வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார்.